கொம்பு வந்தால் வாசிப்பு நின்றுவிடுகிறது: மூன்றாம் வகுப்பு மாணவிக்கு உதவி தேவை

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரு மாணவிக்கு எழுத்துகள் தனித்தனியாகத் தெரிகின்றன, சொல்லாகச் சேர்த்து வாசிக்க வரவில்லை. கல்வியாண்டு தொடங்கியதிலிருந்தே இப்படித்தான்.

'மரம்', 'படம்' எல்லாம் மெதுவாக வாசித்துவிடுவாள். 'கொடி' வந்தால் ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்து நின்றுவிடுகிறாள். குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். பெ, பே குழப்பமும் உண்டு.

வாரம் ஒருமுறை குழந்தைகளே பள்ளிச் செய்தி, அக்கம்பக்கத்துச் செய்தி எழுதிக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். வாயால் சொல்லச் சொன்னால் இவள்தான் எல்லோரையும்விட விவரமாகச் சொல்கிறாள். தாளைக் கையில் கொடுத்ததும் முகம் வாடிவிடுகிறது. பார்க்க மனசு கேட்கவில்லை.

கண், காது பரிசோதனை முடிந்தது, குறை இல்லை. எழுத்து அட்டைகள், மணலில் எழுதுவது இரண்டும் செய்து பார்த்தாயிற்று. 216 உயிர்மெய் எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கிறாள், ஆனால் நடுவில் ஒன்றைக் காட்டினால் தெரியவில்லை. அப்புறம், அவள் சொன்ன செய்தியையே எழுதிக் கொடுத்தேன். எழுத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து சொல்லிவிடுகிறாள்.

கொம்பு வரும் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பார்த்து வாசிக்கப் பழக்க, உங்கள் வகுப்பில் பலன் தந்த வழி எது?