புதுப்பிப்பு: நெய்யுருண்டையை மெதுவாக உண்ணும் முயற்சி
ஒரே அமர்வில் ஆறு நெய்யுருண்டைகளை உண்டுவிடும் பழக்கத்தை மாற்ற, தீபாவளிக்கு முன் இங்கே வழி கேட்டிருந்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்து வீட்டில், மூன்று வாரங்களாக டப்பாவை மேசைக்குக் கொண்டுவராமல், ஒன்றை மட்டும் சிறு தட்டில் வைத்து, நான்கு கடிகளாகப் பிரித்து, வறுத்த பாசிப்பருப்பின் மணமும் ஏலக்காயும் நாவில் அடங்கிய பிறகே அடுத்த கடியைத் தொடுகிறேன். சர்க்கரையிடாத தேநீர் உடனிருந்தால் இனிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வயிறு நிறைந்ததை மூளை உணரச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும் என்பதால், இரண்டாவதைப் பற்றி அதற்குப் பின்னரே முடிவு செய்கிறேன். பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. முறுக்கோடு சேர்த்து உண்ட நாளில் மட்டும் தவறினேன், ஏனெனில் உப்பும் இனிப்பும் மாறி மாறி வரும்போது நாவுக்குச் சலிப்பே வருவதில்லை. அதிரசத்திற்கும் இம்முறை ஒத்துவருகிறதா என்பதை, அடுத்த வாரம் அம்மா சுட்ட பிறகு எழுதுகிறேன்.