ஜான் கிளியரியின் இடது கை: நியூ ஆர்லியன்ஸ் பியானோவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ் ஊர் பாணியில வாசிக்கிற ஜான் கிளியரி, தனியா பியானோ வாசிக்கிற வீடியோ ஒண்ணு பார்த்ததிலிருந்து வேற எதுவும் காதுல ஏற மாட்டேங்குது. டிரம்ஸ், பேஸ் ரெண்டையும் இடது கையே பார்த்துக்குது! நோட்ஸ் பிடிச்சு வாசிச்சா சுரம் சரியா இருக்கு, அந்த ஆட்டம் மட்டும் வரல. எங்க ஆரம்பிக்கணும்?

பதில் 1:
தம்பி, கிளியரிக்கு முன்னாடி, அந்த ஊர் பியானோ பாணியோட முன்னோடி புரொஃபசர் லாங்ஹேரைக் கேளுங்க (1918–1980). 1953ல பதிவான ‘டிப்பிட்டினா’ போதும். கியூபா ரும்பா இடது கையில, புளூஸ் வலது கையில. நான் சர்ச்ல ஆர்கன் வாசிக்கிறவன், அந்த ஒரு பாட்டுதான் என் இடது கையை மாத்துச்சு.

எட்டு எண்ணிக்கையை நாலு நாலா பிரிக்காதீங்க. வாய்விட்டு “தகிட தகிட தக” சொல்லுங்க. ஒவ்வொரு ‘த’விலும் இடது கை விழணும்: ச, க, ப. கால் நேரா நாலு தட்டிக்கிட்டே இருக்கணும். லாங்ஹேர் பியானோவையே காலால உதைச்சுத் தாளம் போடுவார். இது உடம்புல ஏறுற வரைக்கும் வலது கையைத் தொடவே வேண்டாம்.

கிளியரி இங்கிலாந்துல பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸ் போய் மேப்பிள் லீஃப் பார்ல பெயிண்ட் அடிச்சார். அங்க வாசிச்சவர் அந்த ஊர் பியானோ மேதை ஜேம்ஸ் புக்கர்! அந்தக் கையைப் பக்கத்துல இருந்து கேட்டு வளர்ந்தவர். ஒரு நாள் புக்கர் வரலைன்னதும், முதலாளி இவரையே பியானோவுல உட்கார வச்சுட்டார். கிளியரியோட ‘கோகோ ஜூஸ்’ ஆல்பத்துக்கு 2016ல கிராமி, அதுவும் வட்டார வேர் இசைப் பிரிவுல. வெளியூர்க்காரருக்கு அந்தப் பிரிவுல கிடைச்சதை நான் ரொம்பப் பெரிசா நினைக்கிறேன்.

பதில் 2:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். சொல்லுக்கட்டை மிருதங்கப் பாடம் மாதிரி அளந்து சொல்லாதீங்க. அந்த ஊர் நடை நேர் நடைக்கும் ஸ்விங்குக்கும் (ஜாஸ்ல ஒண்ணு நீளமா, ஒண்ணு குறுகலா வர்ற நடை) நடுவுல நிக்கும். கீபோர்டோட ரிதம் பட்டனை அணைச்சுடுங்க, அது எல்லாத்தையும் கட்டம் கட்டிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா. ரெண்டாவது ‘தகிட’ வரும்போது கால் நின்னுடுது.

பதில் 1:
எல்லாருக்கும் அங்கதான் சிக்கும். அந்த ‘த’ காலோட சேர்ந்து விழாது, ரெண்டாவது தட்டுக்கும் மூணாவது தட்டுக்கும் நடுவுல விழும். கீபோர்டை விட்டுட்டு, காலையும் வாயையும் மட்டும் வச்சு மெதுவா பழகுங்க. புக்கர் பக்கம் இப்போ போக வேண்டாம். அவர் இடது கை பேஸையும் கார்டையும் (பல சுரம் சேர்ந்த chord) சேர்த்தே வாசிக்கும்.