புதுப்பிப்பு: 407 மாற்று எஞ்சின், கியர்பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழைய டாடா 407 லாரிக்கு வீட்டிலேயே மாற்று எஞ்சின் பொருத்தியபோது, கியர்பாக்ஸ் அரை அங்குலம் வெளியே நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். கியர்பாக்ஸிலிருந்து கிளட்ச்சுக்குள் நுழையும் தண்டான இன்புட் ஷாஃப்ட் பழையது ஒன்றைச் செருகி கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்திவிட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கச் சொன்னார் ஒருவர். அதுதான் பலித்தது. அப்புறம் கையால் தள்ளியதுமே உட்கார்ந்தது. ஹவுசிங் போல்ட்டைப் போட்டு இழுக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், ஹவுசிங்கில் போல்ட் மாட்டும் காது உடைந்தால் யார் பொறுப்பு?

எதிர்பாராதது ஒன்று. ஸ்டார்ட் ஆன வண்டி சற்று நேரத்தில் திணறி நின்றது. டீசல் லைனில் சிக்கிய காற்றை எவ்வளவு வெளியேற்றினாலும் டீசல் ஃபில்டர் ஸ்குரூவில் நுரை நிற்கவில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் குழாய் போல்ட்டில் செம்பு வாஷர் தேய்ந்திருந்தது. ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். புது வாஷர் போட்டதும் சரி. எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் மாற்ற மனு கொடுத்தாயிற்று. எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.