வீட்டு வைஃபையில் கம்பெனி மெயில் மட்டும் வரவில்லை, அவசரம்

குரோம்பேட்டை செந்தில்:
வணக்கம். நேற்று சாயங்காலத்திலிருந்து கம்பெனி மெயில் திறக்கவில்லை. யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் நன்றாக ஓடுகிறது. மெயில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாளைக் காலை கொட்டேஷன் அனுப்பியாக வேண்டும். யாராவது உடனே சொல்லுங்கள்.

மாம்பலம் மணி:
எந்த மெயில் சார்? ஜிமெயிலா, சொந்த டொமைனா (கம்பெனி பெயரிலேயே இருக்கும் முகவரி)? அவுட்லுக்கா, பிரௌசரா? பிழை என்று ஏதாவது காட்டுகிறதா? மொபைல் டேட்டாவில் போட்டுப் பார்த்தீர்களா?

ராஜி_அண்ணாநகர்:
டிஎன்எஸ் (வெப்சைட் பெயருக்கு உரிய சர்வர் முகவரியைத் தேடித் தரும் சேவை) கோளாறுதான், சந்தேகமே வேண்டாம். ரூட்டரில் டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 போடுங்கள், வந்துவிடும்.

பரமசிவம்_நெட்:
இதைப் பல தடவை எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. வீட்டு இணைப்பில், மெயில் வெளியே போகும் வழிகளில் ஒன்றான போர்ட் 25-ஐ அடைத்து வைப்பது வழக்கம். அனுப்புவதற்கு 465 அல்லது 587 போடு தம்பி. அடிப்படை தெரியாமல் மெயில் செட்டப்பில் கை வைக்கக் கூடாது.

மாம்பலம் மணி:
அண்ணா, அவருக்கு மெயில் வருவதே நின்றுவிட்டது. 25 அடைபட்டால் அனுப்புவதுதானே நிற்கும்? வாங்குவது வேறு போர்ட், 993.

குரோம்பேட்டை செந்தில்:
சொந்த டொமைன், அவுட்லுக். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் உடனே வருகிறது. டிஎன்எஸ் மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கம்பெனி வெப்சைட்டும் வீட்டில் திறக்கவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

வேளச்சேரி கீதா:
அதுதான் சார் முக்கியமான துப்பு. வெப்சைட்டும் மெயிலும் பெரும்பாலும் ஒரே ஹோஸ்டிங் சர்வரில் (வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில்) இருக்கும். இரண்டும் வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை என்றால், அந்த சர்வரின் ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு) உங்கள் வீட்டு ஐபியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் முகவரி எண்ணை, தடுத்திருக்க வேண்டும். தப்பான பாஸ்வேர்டோடு ஒரே ஐபியிலிருந்து திரும்பத் திரும்ப லாகின் வந்தால், யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அந்த ஐபியையே பூட்டிவிடும். அப்புறம் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் பதில் வராது, சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றினீர்களா? வீட்டில் பழைய போன், டேப், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பிரிண்டர் எதிலாவது பழைய பாஸ்வேர்டு இருந்தால், அது பாட்டுக்குச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை முட்டிக்கொண்டே இருக்கும். முதலில் அதைப் பிடியுங்கள். பிறகு வீட்டு வைஃபையில் இருந்தபடியே கூகுளில் உங்கள் ஐபி என்ன என்று பார்த்து, அந்த எண்ணை ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்குக் கொடுத்துத் தடையை நீக்கச் சொல்லுங்கள். வரிசையை மாற்றினால் திரும்பவும் பூட்டிவிடும். கொட்டேஷன் அவசரம் என்றால் இப்போதைக்கு ஹாட்ஸ்பாட்டிலேயே அனுப்பிவிடுங்கள்.

ராஜி_அண்ணாநகர்:
சப்போர்ட் எதற்கு? ரூட்டரை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடுமே.

பரமசிவம்_நெட்:
சிஜிநாட் என்று கேள்விப்பட்டதுண்டா அம்மா? ரூட்டரின் வான் (வெளி இணைப்பு) பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஐபி காட்டினால், பல வீடுகளுக்குச் சேர்த்து வெளியே ஒரே ஐபி. அணைத்துப் போட்டாலும் அதே ஐபி திரும்ப வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் செய்த வினைக்கும் நீங்கள் மாட்டலாம். தொழில் செய்கிறவர் ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத தனி ஐபி, வாங்கியே ஆகவேண்டும்.

மாம்பலம் மணி:
பழைய பாஸ்வேர்டு வீட்டுக்குள் இருந்தால் ஸ்டாடிக் ஐபியும்தான் பூட்டிக்கொள்ளும். மாறும் ஐபியாவது தப்பிக்க வழி கொடுக்கும். சின்னக் கடைக்காரரை மாசாமாசம் கூடுதல் பணம் கட்டச் சொல்வது நியாயமில்லை அண்ணா.

பரமசிவம்_நெட்:
ஸ்டாடிக் ஐபி இல்லாமல் அலுவலகத்துக்கு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு), வெளியிலிருந்து கேமரா பார்ப்பது எல்லாம் என்ன செய்வாய்? அனுபவத்தில் சொல்கிறேன்.

மாம்பலம் மணி:
அவர் கேமராவைப் பற்றிக் கேட்கவே இல்லையே.

வேளச்சேரி கீதா:
இந்தச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். செந்தில் சார், என்ன ஆச்சு?

குரோம்பேட்டை செந்தில்:
அப்பாவின் டேபில் பழைய பாஸ்வேர்டு இருந்தது. அந்தக் கணக்கை எடுத்துவிட்டேன். சப்போர்ட்டில் ஐபியை விடுவித்தார்கள், மெயில் வருகிறது. கொட்டேஷனும் போய்விட்டது. கீதா மேடத்துக்கு ரொம்ப நன்றி.

பள்ளிக்கரணை ஜோ:
எனக்கும் இதே பிரச்சினை. மெயில் வரவில்லை. என்ன செய்வது?

மாம்பலம் மணி:
எந்த மெயில் சார்? மொபைல் டேட்டாவில் வருகிறதா?