ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசாவில் அமைதியான, தரமான உணவகம்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

பீஷான்_கலா

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். பிள்ளைகள் இருவரும் (9, 12 வயது) அன்று யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் இருப்பார்கள் என்பதால் சாப்பாட்டையும் ரிசார்ட்ஸ் வேர்ல்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். மொத்தம் ஆறு பேர். மாமனார் காதுக்குக் கருவி போட்டிருக்கிறார். இரைச்சலான இடத்தில் பேச்சு பிடிபடாது. மாமியார் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. மாட்டிறைச்சி யாரும் சாப்பிடுவதில்லை. தலைக்கு 150 வெள்ளி வரை பரவாயில்லை. சனிக்கிழமை இரவு 7 மணி என்று யோசித்திருக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

தெலுக்பிளாங்கா_ரவி

அந்தப் பட்டியல்களை முதலில் ஓரம்கட்டுங்கள். அங்கே பெயர்ப்பலகைகள் நிறைய மாறிவிட்டன. ஃபெஸ்டிவ் ஹோட்டல் 2023இல் ஹோட்டல் ஓரா ஆனது. கிராக்ஃபர்ட்ஸ் டவர் இப்போது தி லாரஸ். பழைய ஃபோரம் கடைத்தொகுதி வீவ் ஆகிவிட்டது. மீன்காட்சியகம் 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்று புதிதாகத் திறந்தது. 2016இல் வந்த சிங்கப்பூரின் முதல் மிஷ்லின் கையேட்டில் மூன்று நட்சத்திரம் வாங்கிய ஒரே உணவகம், ஜோயல் ரோபுஷோன், இங்கேதான் இருந்தது. 2018 ஜூனில் மூடிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பக்கங்கள் தேடலில் இன்னும் மேலே வந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உல்லாசத் தளத்தின் சொந்த இணையத்தளத்தில் இன்று எந்த உணவகம் இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, தொலைபேசியில் ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, பெயரைவிட இடத்தைப் பாருங்கள். யுனிவர்சலின் சுழலும் உருண்டை, செந்தோசா எக்ஸ்பிரஸ் நிலையம், சூதாட்டக்கூடம், கடைத்தொகுதி எல்லாம் நடுப்பகுதியில்தான். கூட்டம் ஓயாமல் நடப்பது இவற்றுக்கு இடையில். அந்த நடைபாதையைப் பார்த்து வாசலை அகலத் திறந்துவைத்திருக்கும் கடை எவ்வளவு விலை வைத்தாலும் அமைதியாக இருக்காது. அதே கட்டடத்தில் ஹோட்டல் வரவேற்பறையைத் தாண்டி, கதவு உள்ள உணவகம் என்றால் நிலைமையே வேறு. எக்குவாரியஸ் ஹோட்டலும் கடற்கரை வில்லாக்களும் மேற்குக் கோடியில் இருக்கின்றன. பூங்காக் கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் ஒதுங்காது. தேடலை அங்கிருந்து தொடங்குவேன்.

சனி இரவு 7 மணியை மட்டும் விட்டுவிடுங்கள். பூங்கா வழக்கமாக 7 மணி வாக்கில் மூடும், விடுமுறையில் நேரம் நீளும். தேதியைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படியும் 6 மணியிலிருந்து 8 மணிவரை களைத்த பிள்ளைகளோடு எல்லாக் குடும்பமும் சாப்பாட்டு இடம் தேடி அலையும் நேரம் அது. டிசம்பரில் இன்னொரு தொல்லை, நிறுவனங்களின் ஆண்டு இறுதி விருந்துகள். வியாழன், வெள்ளி, சனி இரவுகளில் பக்கத்து அறையில் ஒலிவாங்கி வைத்து அதிர்ஷ்டக் குலுக்கல் நடந்தால் உங்கள் மேசையில் பேச்சே எழாது.

என் தேர்வு செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் ஒரு மதிய உணவு, 11.45 அல்லது 12 மணிக்கு. மதியத்துக்கென்று தனி செட் மெனு வைத்திருக்கும் இடங்களில் விலை இரவைவிடக் குறைவு. இரவுதான் வேண்டுமென்றால் 6 மணிக்கு முதல் ஆளாக உட்காருங்கள், இல்லை 8.30க்கு மேல் போங்கள். பிந்தியதில் சமையலறை எப்போது கடைசி ஆர்டர் எடுக்கும் என்று கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

டிசம்பர் 24, 25, 31 ஆகிய நாள்களில் பல இடங்களில் பண்டிகை மெனு மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும், சைவத்துக்கு மாற்றித் தரவும் தயங்குவார்கள். அந்தத் தேதிகளே வேண்டாம்.

சமையல்கட்டு_சேகர்

ரவி அண்ணன் இடத்தைச் சொல்லிவிட்டார். நான் தட்டுக்கு வருகிறேன், மாமியாருக்குச் சிக்கல் அங்கேதான்.

‘வெஜிடேரியன் ஆப்ஷன் இருக்கிறதா’ என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். காய்கறி தெரியும், அது எதில் வெந்தது என்பது தெரியாது. கேன்டனீஸ் உணவகத்தில் கீரை, தோஃபு எல்லாவற்றுக்கும் அடியில் ஊற்றுவது கோழி, பன்றி எலும்பு, உப்பிட்ட ஹாம் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சிய சாறு. மேலே சிப்பிச் சாறு வேறு. ஆனால் சீனச் சமையலில் பௌத்த சைவ மரபு இருக்கிறது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காமல் சமைக்கத் தெரிந்த சமையற்காரர்கள் இருப்பார்கள். காளான் சாறும், காளானில் செய்த ‘சிப்பி’ சாஸும் கைவசம் இருக்கும். அதனால் முன்கூட்டிச் சொன்னால் இந்த வகை உணவகம்தான் சுத்த சைவத்துக்கு மிக நன்றாக வளைந்து கொடுக்கும். முட்டை இல்லாத நூடுல்ஸ் வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள், மஞ்சள் நூடுல்ஸில் முட்டை இருக்கக்கூடும்.

ஜப்பானிய உணவகம் பார்க்க அமைதியாக இருக்கும், சைவத்துக்குக் கடினம். தாஷி என்கிற அடிப்படைச் சாறே உலர்ந்த போனிட்டோ மீன் சீவலும் கொம்பு கடற்பாசியும் போட்டது. மீசோ சூப், தெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அது வரும். கொம்பு, ஷீத்தாக்கே காளான் மட்டும் போட்டுச் செய்யச் சொல்லலாம், ஒரு மேசைக்காகச் செய்வார்களா என்பது சமையற்காரரைப் பொறுத்தது. தெம்புரா மாவில் முட்டை வேறு.

இத்தாலிய, பிரெஞ்சு வகையில்: ரிசோட்டோ பெரும்பாலும் கோழிச் சாறில் வேகும். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜியானோ சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியில் உறைய வைப்பது, விதிப்படியே அப்படித்தான். பன்ன கோட்டாவில் ஜெலட்டின், சீசர் சாலட்டில் நெத்திலி. புது பாஸ்தாவில் முட்டை, உலர் பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்காது. தாய்லாந்து உணவு என்றால் மீன் சாறும் இறால் விழுதும் கலந்து அரைத்த மசாலா தயாராக இருக்கும். அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

ஸ்டேக் கிரில் உங்களுக்கு வேண்டாம். காய்கறியும் மாட்டிறைச்சியும் ஒரே கம்பித்தட்டில்தான் சுடுபடும். தனிச் சட்டியில் செய்து தருவதாகச் சொன்னாலும், கூட்டம் ஏறிய பிறகு அது நடக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

குறைந்தது மூன்று நாளுக்கு முன் மின்னஞ்சலில் எழுதுங்கள்: இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், இறைச்சி, மீன் சாறு, சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் வேண்டாம், பால், தயிர், வெண்ணெய் சரி. என்னென்ன பரிமாறுவார்கள் என்று பட்டியலைப் பதிலாகக் கேளுங்கள். ‘ஷெஃப் பார்த்துக்கொள்வார்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். அன்று காலை மறுபடி ஒரு போன். பதிவை எடுத்தவரும் அன்று சமைப்பவரும் வேறு வேறு ஆள்.

காசு விஷயம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ++ போட்டிருந்தால் முதலில் 10% சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைமேல் 9% ஜிஎஸ்டி. 100 வெள்ளி 119.90 ஆகிறது. ஆகவே உங்கள் 150க்குள் நிற்க வேண்டுமானால் மெனு விலை 125க்கு மேல் போகக்கூடாது. 128++ என்று பார்த்துச் சரி என்று நினைத்தால் 153.47 வந்து நிற்கும், அதுவும் தண்ணீர், தேநீருக்கு முன்னால். போத்தல் தண்ணீரா, சாதாத் தண்ணீரா என்று கேட்கும்போது யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஆறு பேருக்கு அடுத்தடுத்து போத்தல் திறந்துகொண்டே இருப்பார்கள்.

பல வரிசையாக வரும் டேஸ்டிங் மெனு என்றால் மேசையில் எல்லோரும் அதையே எடுக்க வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை உண்டு. இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். 9 வயதுப் பிள்ளை பாவம் லா.

மரின்பரேட்_அமீனா

இரண்டு விஷயம். உணவகம் சூதாட்டக்கூட எல்லைக்குள் இருக்கிறதா என்று முகவரியைப் பாருங்கள். உள்ளே இருந்தால் 21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆளுக்கு 150 வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும், அதுவே உங்கள் சாப்பாட்டுப் பணம்! இன்னொன்று, கூட வருபவர்களில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் ‘பன்றி இல்லை’ என்ற வாசகத்தை ஹலால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு ரவி அண்ணன் சொல்வதில் ஒரு மாற்றுக் கருத்து. உல்லாசத் தளத்துக்குள்ளேதான் சாப்பிட வேண்டும் என்று என்ன கட்டாயம்? அமைதிதான் முதல் தேவை என்றால் ஐந்து, பத்து நிமிடக் கார் தூரத்தில் கபெல்லா ஹோட்டல் இருக்கிறது. 2018 ஜூனில் டிரம்ப்பும் கிம்மும் சந்தித்த அதே இடம். மேட்டின்மேல், தனிப் பாதையோடு, சுற்றிலும் மரங்கள். அங்குள்ள கேசியா கேன்டனீஸ் உணவகம், சேகர் சொன்ன காரணத்துக்கும் பொருந்தும். நடந்து போகிற இடமில்லை என்பதுதான் அதன் பலம், வழிப்போக்கர் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். இரவு மெனு உங்கள் வரம்பைத் தாண்டலாம், மதியத்தைப் பாருங்கள். தோட்டத்தில் மயில் திரியும், பிள்ளைகளுக்கு அது போதும்.

தெலுக்பிளாங்கா_ரவி

கபெல்லா நல்ல யோசனைதான் அமீனா. ஆனால் பிள்ளைகளைப் பூங்காவிலிருந்து கூட்டி வந்து, கார் பிடித்து, மறுபடி கொண்டுபோய் விட வேண்டும். மதியம் என்றால் அந்த அலைச்சல் யோசிக்க வேண்டியது. பூங்காவில் அதே நாள் மறுநுழைவு உண்டு. வெளியே வரும்போதே வாசலில் சொல்லிவிட்டு வர வேண்டும், வந்த பிறகு கேட்டால் சங்கடம்.

சாப்பாட்டுக்கு முன் ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸ் படகில் ஏற விடாதீர்கள். தொப்பலாக நனைந்துதான் இறங்குவார்கள். குளிரூட்டிய அறையில் ஈர உடையோடு உட்கார முடியாது; அரைக்கால் சட்டை, சிலிப்பருக்கு அனுமதி இல்லாத உணவகங்களும் உண்டு. மாற்றுடை ஒரு செட் பையில் இருக்கட்டும்.

பீஷான்_கலா

எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை மதியம் என்று மாற்றிக்கொள்கிறோம். தனி அறை எடுத்தால் இரைச்சல் பிரச்சினை முழுதும் தீர்ந்துவிடுமா? அறை இல்லையென்றால் மாமனாரை மூலையில், சுவரில் முதுகு சாய உட்கார வைத்தால் சரியா?

ஒலி_நாதன்

செவிக்கருவி பொருத்தும் துறையில் இருப்பதால் இதற்குப் பதில் எழுதுகிறேன். முதுகு சுவரில் என்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. இப்போதைய கருவிகளுக்குப் பெரும்பாலும் அது தலைகீழ். அவற்றில் திசை அறியும் ஒலிவாங்கி இருக்கிறது; முன்னாலிருந்து வரும் பேச்சை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து வருவதைக் குறைக்கும். சுவரில் முதுகு வைத்தால் முழுக் கூடமும் அவருக்கு முன்னால் விரிகிறது, கருவி அந்த இரைச்சலையும் சேர்த்து வாங்கும். அவர் சுவரைப் பார்த்து, கூடத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். நீங்கள் எல்லோரும் சுவர்ப் பக்கம். கருவியில் உணவகத்துக்கென்று தனி நிரல் இருக்கிறதா என்று பார்த்து முன்கூட்டியே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடையது பழைய மாதிரி, திசை ஒலிவாங்கி இல்லாதது என்றால் நீங்கள் சொன்ன மூலையே நல்லது.

மேசை வட்டமாக இருக்கட்டும், ஆறு பேருக்கு 1.2 மீட்டர் விட்டம் போதும். சீன உணவகத் தனி அறையில் பத்துப் பேர் மேசை போட்டிருப்பார்கள், அது 1.8 மீட்டர். பேசுபவரின் தூரம் இரட்டித்தால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. பெரிய மேசையில் ஆறு பேர் பரவி உட்காராமல் ஒரே பக்கமாக நெருங்கி உட்காருங்கள்.

தனி அறை பாதித் தீர்வுதான். சுவர் நிரந்தரமா, மடக்குத் தடுப்பா என்று கேளுங்கள். மடக்குத் தடுப்பின் இடுக்குகள் வழியே அடுத்த அறைச் சிரிப்பு முழுதாக வரும். பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், உயர்ந்த கூரை உள்ள அறை சின்னதானாலும் எதிரொலிக்கும். கம்பளம், திரை, மேசைத்துணி, மெத்தை இருக்கை இருந்தால் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். படங்களைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். பின்னணி இசையை அந்த அறைக்கு மட்டும் நிறுத்த முடியுமா என்றும் கேளுங்கள், கூடத்தில் என்றால் கூரை ஒலிபெருக்கிக்குக் கீழே உள்ள மேசை வேண்டாம்.

முன்னாடியே போய்ப் பார்க்க வாய்த்தால், நீங்கள் சாப்பிடப் போகும் அதே கிழமை, அதே நேரத்தில் போய் போனில் ஒலி அளக்கும் செயலியை வையுங்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். கூடம் 70ஐத் தாண்டினால் எல்லோரும் தங்களை அறியாமல் குரலை உயர்த்துவார்கள், அதனால் கூடம் இன்னும் ஏறும்.

சமையல்கட்டு_சேகர்

அறைக்குக் குறைந்தபட்சச் செலவுத் தொகை இருக்கும். அது ++க்கு முன்னாலா, பின்னாலா என்று எழுத்தில் வாங்குங்கள். உதாரணத்துக்கு 800 என்று சொல்லி அது ++க்கு முன் என்றால் கையிலிருந்து போவது 959.20. பதிவுக்கு அட்டை எண் கேட்பார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பிடித்தம் இல்லை என்பதையும், ஆறு பேர் ஐந்தாகக் குறைந்தால் ஒருவருக்கான கட்டணம் போகுமா என்பதையும் பாருங்கள்.

கேக் மறந்துவிடாதீர்கள். உணவகம் தருவதில் முட்டை இருக்கும். முட்டை இல்லாத கேக்கை வெளியே வாங்கிக்கொண்டு போவதென்றால் அனுமதியும் வெட்டித் தரும் கட்டணமும் எவ்வளவு என்று கேளுங்கள், குளிர்பெட்டியில் வைக்க முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அப்படியே, பணியாளர்கள் மேசையைச் சுற்றி நின்று கைதட்டிப் பாட வேண்டாம் என்றும் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். கருவி போட்ட காதுக்கு அந்தக் கைதட்டல் ஆகாது.