'போலி விசை'க்கு மாற்றாகக் 'குறிப்பாய விசை'

வணக்கம்.

முடுக்கமுறும் குறிப்பாயத்தில் (இயக்கத்தை எதைச் சார்ந்து அளக்கிறோமோ அந்த அமைப்பில்) நியூட்டனின் இரண்டாம் விதி (விசை = நிறை × முடுக்கம்) செல்லுபடியாவதற்காக நாம் சேர்த்துக்கொள்ளும் விசைக்குப் 'போலி விசை' என்ற பெயர் தமிழகப் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டதை அறிந்தே, அதை மாற்றலாம் என முன்மொழிகிறேன்.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர், 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலேறும் மின்தூக்கியில் நிற்கிறார் எனக் கொள்வோம். வெளியே தரையில் நிற்பவரின் கணக்கில், தளம் மேல்நோக்கித் தரும் 708 நியூட்டன் புவி ஈர்க்கும் 588 நியூட்டனைவிட மிகுதியாக இருப்பதால் அவர் முடுக்கமடைகிறார். மின்தூக்கிக்குள்ளிருந்து பார்த்தாலோ அவர் அசையவே இல்லை. ஆகவே கீழ்நோக்கி 120 நியூட்டன் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். இந்த 120 நியூட்டனை அவர்மீது செலுத்தும் பொருள் எதுவும் இல்லாததால் அதற்கு எதிர்விசையும் இல்லை. மூன்றாம் விதிக்கு உட்படாத இந்தத் தன்மையே மற்ற விசைகளிலிருந்து இதைப் பிரிக்கிறது.

'போலி' என்றதும் போலி மருந்தும் போலிச் சான்றிதழும்தான் நினைவுக்கு வருகின்றன. விளைவும் பொய்யே என மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். 1851இல் பாரிசின் பாந்தியோன் கட்டடத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் தொங்கவிட்ட ஊசலின் அலைவுத்தளம், தரையைச் சார்ந்து மணிக்கு ஏறத்தாழ 11 பாகை திரும்பியதை மக்கள் கண்ணாலேயே கண்டார்கள். சுழலும் புவியைக் குறிப்பாயமாகக் கொள்பவர் அந்தத் திருப்பத்தை, இத்தகைய விசைகளுள் ஒன்றான, நகரும் பொருளைப் பக்கவாட்டில் விலக்கும் கோரியோலிசு விசையால்தான் விளக்க முடியும்.

'நிலைம விசை' (நிலைமம்: தன் இயக்கநிலை மாறுவதை எதிர்க்கும் பொருளின் பண்பு) என்ற மாற்று, நிறைக்கு நேர்விகிதமாக அமையும் பண்பைச் சரியாகவே சுட்டுகிறது, பொறியியலாளர்களுக்கும் பழகியதுதான். ஆனால் நிலைமத்தையே ஒரு விசையாக எண்ணும் குழப்பம் மாணவர்களிடம் ஏற்கெனவே மிகுதி என்பதால், அதற்குப் பெயராலும் துணைபோக எனக்கு மனமில்லை. இலங்கையில் நிலைமம் 'சடத்துவம்' என வழங்குவதும் ஒரு சிக்கல். ('குறிப்பாயம்' மட்டும் அங்கே பொதுவழக்கா என்று கேட்டால் வாயடைத்துப்போவேன்!)

'குறிப்பாய விசை' என்பது விசை எதனால் தோன்றுகிறது என்பதையும், குறிப்பாயத்தை மாற்றினால் அது மறையும் என்பதையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. மையவிலக்கு விசையும் கோரியோலிசு விசையும் இதன் வகைகளாகத் தம் பெயரிலேயே தொடரலாம். பழைய பெயரைச் சில காலம் அடைப்புக்குறிக்குள் தந்தால் போதும்.

முடுக்கமுறும் குறிப்பாயத்துக்கு வழங்கும் 'நிலைமமற்ற குறிப்பாயம்' என்ற பெயரையும் இத்துடன் ஆராய வேண்டும். அங்கே பொருள்கள் நிலைமத்தை இழந்துவிடுவதில்லையே. 'முடுக்கமுறு குறிப்பாயம்' பொருந்துமா என்று அறிந்தோர் கூறுக.