பொது சர்வரில் மாணவர் குழுவுக்குச் சிபியு நேரத்தை வரையறுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் துறையில் 32 கோர் கொண்ட உபுண்டு 22.04 சர்வர் ஒன்றை முதுகலை மாணவர்கள் 40 பேரும் ஆய்வு மாணவர்கள் 6 பேரும் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள். செய்முறைத் தேர்வு நெருங்கினால் முதுகலை மாணவர்களின் நிரல்கள் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொள்கின்றன. ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டியவர்களின் கணக்கீடுகள் நகர்வதே இல்லை. முதுகலை மாணவர்களின் நிரல்களுக்கு நைஸ் மதிப்பை (நிரலின் முன்னுரிமையைச் சொல்லும் எண்) மிகக் குறைந்த முன்னுரிமையான 19 ஆக்கியும் பெரிய மாற்றம் தெரியவில்லை. சர்வர் ஓய்வாக இருக்கும்போது அவர்களையும் தடுக்க எனக்கு விருப்பமில்லை. என்ன வழி?

பதில் 1

நைஸ் பலன் தராததற்குப் பெரும்பாலும் ஆட்டோகுரூப் என்ற, கெர்னலில் (இயக்க முறைமையின் மையப் பகுதி) உள்ள வசதிதான் காரணம். லினக்ஸ் 2.6.38 முதல் இருக்கும் இது, ஒவ்வொரு அமர்வையும் தனிக் குழுவாக்கி, அந்தக் குழுக்களுக்கிடையே நேரத்தைப் பங்கிடுகிறது. ஆகவே நைஸ் மதிப்பு ஒரே அமர்வுக்குள் இருக்கும் நிரல்களுக்கிடையே மட்டுமே செல்லுபடியாகும். ஐந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும்) இணைப்புகளைத் திறந்து ஐந்திலும் நிரல் ஓட்டும் மாணவருக்கு ஐந்து பங்கு கிடைத்துவிடுகிறது. பயனர் வரம்புகளை எழுதிவைக்கும் லிமிட்ஸ் கோப்பில் சிபியு வரம்பு வைக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வரம்பு ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியானது, நிமிடக் கணக்கு தீர்ந்ததும் நிரலையே நிறுத்திவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

பதில் 2

உங்களுக்குத் தேவையானது சிகுரூப், அதாவது நிரல்களைக் குழுக்களாக்கி வளங்களைப் பங்கிடும் கெர்னல் வசதி. 22.04இல் அதன் இரண்டாம் பதிப்பே இயல்பாக இயங்குகிறது. சர்வரின் சேவைகளையும் அமர்வுகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ஒவ்வொரு பயனருக்கும் ஸ்லைஸ் என்ற ஒரு குழுவை உருவாக்கி, அவருடைய எல்லா அமர்வுகளையும் அதற்குள் வைக்கிறது. அந்த ஸ்லைஸுக்குச் சிபியு கோட்டா, சிபியு வெயிட் என இரண்டு அமைப்புகள் உண்டு. கோட்டாவை 200% என வைத்தால், மற்ற 30 கோர்கள் சும்மா கிடந்தாலும் அந்தப் பயனர் இரண்டு கோர் அளவுக்கு மேல் போக முடியாது. கெர்னல் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டு, மிஞ்சினால் அடுத்த சுற்று வரை அவருடைய நிரல்களை நிறுத்திவைக்கும். வெயிட் அப்படியல்ல. போட்டி இருக்கும்போது மட்டும் அந்த விகிதத்தில் பங்கிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெயிட்தான் பொருத்தம். இயல்பு மதிப்பு 100; முதுகலை மாணவர்களுக்கு அதையே விட்டுவிட்டு, ஆய்வு மாணவர்களின் ஸ்லைஸ்களுக்கு 700 கொடுங்கள். வெயிட் அமைத்தவுடன் பயனர் ஸ்லைஸ்களுக்குச் சிபியு கட்டுப்பாடு செயல்படத் தொடங்கும்; அதன்பின் ஆட்டோகுரூப் அவர்களைப் பாதிக்காது, ஐந்து இணைப்பு திறந்தவருக்கும் ஒரே பங்குதான்.

கேட்டவர்

மிக்க நன்றி. 40 பேரையும் ஒரே குழுவாக வைத்து, மொத்தமாகப் பாதி என்று வரையறுக்க முடியுமா?

பதில் 2

நேரடியாக முடியாது. பயனர் ஸ்லைஸ்கள் எல்லாம் ஒரே தாய் ஸ்லைஸின் கீழ் பக்கம்பக்கமாக அமைகின்றன; யூனிக்ஸ் குழுவை சிஸ்டம்டி பார்ப்பதில்லை. எனவே வெயிட்டின் கூட்டுத்தொகையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். அனைவரும் முழு வேகத்தில் ஓட்டினால் முதுகலை மாணவர்களின் 4000க்கு ஆய்வு மாணவர்களின் 4200, ஏறக்குறைய பாதிப் பாதி. ஆனால் 40 மாணவர்களுக்கு எதிரே ஒரே ஒரு ஆய்வு மாணவர் ஓட்டினால், அவருக்கு 4700இல் 700, அதாவது ஐந்து கோருக்குச் சற்றுக் குறைவாகவே உறுதி.

பதில் 3

ஐந்து கோர் போதாதென்றால், கனமான கணக்கீடுகளை மட்டும் ஸ்லர்ம் (பணிகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள்) வரிசை வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஆய்வு மாணவர்களை ஒரு கணக்காகவும் முதுகலை மாணவர்களை இன்னொரு கணக்காகவும் பதிந்து, கணக்குக்கு இத்தனை பங்கு என்று வைக்கலாம். அதிகம் பயன்படுத்திய கணக்கின் பணிகள் வரிசையில் பின்தள்ளப்படும். நிறுவவும் பராமரிக்கவும் உழைப்பு கூடுதல்தான். முதலில் ஒரு பருவத்துக்கு வெயிட்டை வைத்து, சிஸ்டம்டியின் சிஜிடாப் கட்டளையில் ஒவ்வொரு ஸ்லைஸின் பயன்பாட்டையும் கவனித்த பிறகு இதை முடிவு செய்யுங்கள்.